ஷட்டருக்கு எது நல்லது: கிராஃபைட்டா, கடற்பாசிக் கரியா?

திருவொற்றியூரில் கடலை ஒட்டிய எங்கள் பட்டறையின் ஷட்டருக்கும் இழுவைக் கேட்டுக்கும் முன்பு கிராஃபைட் கிரீஸ்தான் போட்டோம். இப்போது கடற்பாசிக் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்துப் போடுகிறேன்.

வழுக்கலில் கடற்பாசிக் கரியால் கிராஃபைட்டை மிஞ்ச முடியாது. கிராஃபைட்டின் மெல்லிய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவ, காற்றில் ஈரம் வேண்டும். சென்னையில் அதற்கா பஞ்சம்! மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற இன்னொரு வழுக்கல் பொடிக்கோ ஈரம் ஆகாது, விலையும் எட்டாது. மாசு விஷயத்தில் பொடியைவிட எண்ணெய்தான் முக்கியம். கனிம எண்ணெய் கிரீஸ் மழையில் அடித்துக்கொண்டு கால்வாய்க்குப் போனால் லேசில் மக்காது, ஆமணக்கெண்ணெய் மக்கிவிடும். கிராஃபைட்டையும் அதிலேயே குழைக்கலாம்.

அப்புறம் எதற்குக் கடற்பாசி? துருவுக்காகத்தான். கிராஃபைட் மின்சாரம் கடத்தும். எண்ணெய் வற்றிப் பொடி மட்டும் தங்கிய இடத்தில் உப்பு ஈரம் பட்டால், கிராஃபைட்டுக்கும் இரும்புக்கும் இடையே மின்வேதி அரிப்பு தொடங்கும், அரிபடுவது இரும்பு. அலுமினிய சேனல் என்றால் இன்னும் மோசம். 500 டிகிரி வாக்கில் காற்றுப் புகாமல் சுட்ட கரி மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது.

ஆனால் பாசிக்குள்ளேயே உப்பு இருக்கிறதே! உலர்ந்த பாசியில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட சாம்பல் நிற்கும். அதில் பொட்டாசியம், சோடியம் குளோரைடுகள் நிறைய. கழுவாத கரியைப் பூசுவது இரும்புக்கு உப்பைப் பூசுவதுதான். ராமேஸ்வரம் அருகே உள்ள மண்டபம் பக்கத்துக் கட்டக்கோரை என்ற கடற்பாசியை மணல் போக உதறி அலசி, சுட்டு, கரியை வெந்நீரில் மறுபடி மறுபடி கழுவுகிறேன். கடலோர போர் தண்ணீர் வேண்டாம், அதுவே உப்பு, கேன் தண்ணீர்தான். கழுவிய நீரில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டால், உப்பு இருக்கும்வரை பால்போல் வெளுக்கும். கலங்காமல் தெளிவாக நின்றால்தான் கரியைக் காயவைக்கலாம். இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்கள் கடற்பாசிப் பக்கமே வர வேண்டாம். காய்ந்ததும் அரைத்து, மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். விரலில் நறநறவென்றால் மணல் தங்கியிருக்கிறது, இரும்பைக் கீறிவிடும்.

கொட்டாங்குச்சிக் கரியில் உப்புத் தொல்லை இல்லை. ஆனால் கெட்டிக் கரி, லேசில் நைசாக அரைபடாது.

இதெல்லாம் மெதுவாக ஓடும் பாகங்களுக்கு மட்டும். பேரிங்கில் நான் போட்டுப் பார்த்ததில்லை. மோட்டாருக்கு இன்றும் லித்தியம் கிரீஸ்தான். கடலுக்குத் தள்ளி, தாம்பரம் பக்கம் கடை வைத்திருந்தால், இவ்வளவு கழுவல் வேலைக்கு அவசியமில்லை; கிராஃபைட்டை ஆமணக்கெண்ணெயில் குழைத்துப் போட்டாலே போதும்.