மூன்று 722, ஒரு வளவு

எங்கள் செட்டிநாட்டு வீட்டின் நடு முற்றமான வளவில் வெயில் இறங்காத மூலையாகப் பார்த்து ஒரு பெஞ்சைப் போட்டு, மூன்று சின்ன மாடல் காரையும் வரிசையாக வைத்தேன். மூன்றும் வெள்ளி நிறம். மூன்றின் மூக்கிலும் சிவப்பில் 722. கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த அத்தான் காபி டம்ளரோடு வந்து நின்றார்.

"ஏன் மாப்ளே, ஒரே வண்டியை மூணு வாங்கி வச்சிருக்கே? பங்காளிகளுக்குப் பிரிச்சுக் கொடுக்கவா?"

மூன்றும் ஒரே வண்டி இல்லை என்பதுதான் விஷயம். இந்தக் காரில் ஒரு மாடல் வாங்க நினைப்பவர்கள் எதை வாங்கலாம் என்று கேட்டால், நான் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

முதலில் அசலைப் பற்றிக் கொஞ்சம். மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்எல்ஆர். 1955 மே 1, இத்தாலியின் மில்லே மிலியா பந்தயம். பிரெஷாவில் கிளம்பி ரோம் போய்த் திரும்பவும் பிரெஷா. ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர், எல்லாம் ஊர்ச் சாலைகள். காரைக்குடியிலிருந்து சென்னைக்கு இரண்டு தடவை போய் வருகிற தூரம். காலை 7.22-க்குக் கிளம்பிய வண்டி என்பதால் 722. அந்தப் பந்தயத்தில் கிளம்பும் நேரமே வண்டியின் எண். ஓட்டியவர் ஸ்டெர்லிங் மாஸ், வயது 25. பக்கத்தில் தாடிக்கார டெனிஸ் ஜென்கின்சன், பத்திரிகைக்காரர். முன்கூட்டியே காரில் போய்ப் பார்த்து எழுதிய பாதைக் குறிப்புகளை ஒரு நீளச் சுருளாக்கிச் சின்னப் பெட்டிக்குள் வைத்து, சுருட்டிக்கொண்டே வந்து, கையால் சாடை காட்டினார். அந்த இரைச்சலில் வாயால் சொன்னால் யாருக்குக் கேட்கும்? 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் முடித்தார்கள். சராசரி வேகம் மணிக்கு 157 கிலோமீட்டருக்கு மேல். அதே மாதிரி வண்டியில் தனியாக ஓட்டிய ஃபாஞ்சியோ அரை மணி நேரம் பின்னால் இரண்டாவதாக வந்தார். அவர் எண் 658.

இந்தக் கதையில் எது மாடலுக்குள் வந்திருக்கிறது, எது வரவில்லை என்றுதான் நான் பார்ப்பேன்.

மைஸ்டோ கம்பெனியின் 1:18, அதாவது அசலைப் பதினெட்டில் ஒரு பங்காகச் சுருக்கியது, முதலில் வந்தது; பல வருஷத்துக்கு முன் சென்னையில் வாங்கியது. ஒரு சாணுக்குச் சற்று அதிக நீளம். கையில் எடுத்தால் கனம் இருக்கிறது, உடம்பு உலோகம். நீண்ட மூக்கு, பின்னால் உருண்டு இறங்கும் வால் எல்லாம் தள்ளி நின்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. கிட்டப் போனால்தான் சாயம் வெளுக்கும். பெயின்ட் கெட்டியாக இருக்கிறது. தகடுகளுக்கு நடுவே கோடு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் பாதி தூர்ந்து கிடக்கிறது. பானட்டைத் தூக்கினால் எஞ்சின் என்ற பேரில் ஒரு பிளாஸ்டிக் கட்டி. சக்கரம்தான் ரொம்ப மோசம். அசலில் கம்பி ஸ்போக் சக்கரம். இதில் ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக், முறுக்கு அச்சில் பிழிந்த மாதிரி தடித்தடியாக. ஆனால் அண்ணன் மகன் இதை முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை ஆத்தங்குடித் தரையில் உருட்டிக்கொண்டு போகிறான், எனக்கு நெஞ்சு படபடப்பதில்லை. அந்த விலைக்கு அது போதும்.

மினிசாம்ப்ஸ் கம்பெனியின் 1:43 உள்ளங்கைக்குள் அடங்கும், பத்து சென்டிமீட்டர்தான் இருக்கும். இந்த 43 என்ற விநோதக் கணக்கு பொம்மை ரயிலிலிருந்து வந்தது. ஓ கேஜ் என்ற பொம்மை ரயில் அளவில் நிஜத்தின் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர், 304.8-ஐ 7-ஆல் வகுத்தால் நாற்பத்து மூன்றரை. ரயில் மேடைப் பக்கத்தில் நிறுத்தச் செய்த கார்கள் பிறகு தனி வம்சமாகிவிட்டன. இதில் எதுவும் திறக்காது. கதவும் பானட்டும் வெறும் கோடுகள். ஆனால் திறக்க வேண்டிய கட்டாயம் இல்லாததாலேயே அந்தக் கோடுகள் மெல்லியவை; மைஸ்டோவின் கதவு இடுக்கில் போஸ்ட் கார்டு நுழையும். உருவ அமைதி என்று பார்த்தால் மூன்றில் இதுதான் எனக்கு முதல். ஒரு குறை உண்டு. வெள்ளி பெயின்ட்டில் மின்னும் துகள் இருக்கிறதே, அது காரோடு சேர்ந்து சுருங்குவதில்லை. பெரிய காரில் பட்டுப்போல் இருக்கும் மினுக்கம், இத்தனை சின்னதில் மணல் தூவியது போலத் தெரியும். சிவப்புக் காரிலும் பச்சைக் காரிலும் வராத தொல்லை இது. வெள்ளிக் கார் வாங்குகிறவர்கள் சன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இனி சிஎம்சி. ஜெர்மன் நிறுவனம், 1:18. மைஸ்டோவும் இதுவும் நீளத்தில் ஒன்று, விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பெட்டியைத் திறந்த அன்று நான் முதலில் பார்த்தது சக்கரத்தை. எஃகுக் கம்பி ஒவ்வொன்றாகக் கையால் கோத்தது. விரலால் சுற்றிவிட்டால் கம்பிகள் கரைந்து புகையாகி, நிற்கும்போது ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. பானட்டைத் தூக்கினால் எட்டு சிலிண்டரும் ஒரே வரிசையில், ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கிற அந்த 3 லிட்டர் எஞ்சின்; மூக்கு தாழ்ந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அசலில் அப்படிச் சாய்த்தார்கள். குழாய்களும் ஒயர்களும் தனித்தனியாக ஓடுகின்றன. இருக்கையில் நிஜத் துணி, நீலக் கட்டம் போட்டது. ஜென்கின்சன் இதில் உட்கார்ந்து பத்து மணி நேரம் குலுங்கினார் என்று நம்ப முடிகிறது. மைஸ்டோவின் இருக்கையில் அந்த எண்ணமே வராது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஆத்தங்குடிக் கல்லையும் அதே பூவை மிஷினில் அச்சடித்த டைல்ஸையும் பக்கத்தில் வையுங்கள். ஆத்தங்குடிக் கல் சூளை பார்க்காதது. கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து, கலர் சிமென்ட்டைக் கையால் ஊற்றி, தண்ணீரில் ஊற வைத்து எடுப்பார்கள். ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. அச்சடித்தது எல்லாம் ஒன்றுபோல் இருக்கும், பத்து நாளில் கண் அதைப் பார்ப்பதை நிறுத்திவிடும். சிஎம்சிக்கும் மைஸ்டோவுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய அதுதான்.

அதற்காக சிஎம்சி சொக்கத் தங்கம் என்று சொல்ல மாட்டேன். வைத்திருப்பது பெரும்பாடு. போன பங்குனியில் துண்டால் தூசி தட்டப் போய், பின்னால் பார்க்கிற அந்தக் கடுகளவுக் கண்ணாடி துண்டு நூலில் மாட்டிப் பிய்ந்து முற்றத்துக்குள் தெறித்தது. மழைத்தண்ணீர் போகிற பொந்துப் பக்கம் டார்ச் அடித்து அரை நாள் தேடினேன். அப்பத்தா வந்து துடைப்பத்தால் இரண்டு இழுப்பு இழுத்துக் கொட்டானில் அள்ளிக் கொடுத்தார்; அதற்குள் இருந்தது. அன்றிலிருந்து பெயின்ட் அடிக்கிற பிரஷ்ஷால் மட்டும் தூசி தட்டுகிறேன்.

வெயிலையும் சொல்லியாக வேண்டும். நம் வீடுகள் தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சுமாகக் குளிர்ச்சிதான், ஆனால் வளவில் நடுப்பகலில் இறங்கும் வெளிச்சம் நேராக விழுந்தால் டெக்கால் என்கிற ஒட்டுப்படம் மஞ்சளிக்கும். இன்னொன்று, டயர். மென்மையான ரப்பர் மாதிரி டயர்களில் கலந்திருக்கும் எண்ணெய்ப் பசை, சூட்டில் மெதுவாக வெளியேறி அக்ரிலிக் அடித்தட்டை அரித்துவிடும். என் மினிசாம்ப்ஸை இரண்டு கோடை அப்படியே விட்டு எடுத்தபோது தட்டில் நாலு பள்ளம். இப்போது சக்கரத்துக்கு அடியில் மெழுகுத்தாள் துண்டு வைக்கிறேன்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளில் எப்போதாவது பழைய இங்கிலீஷ் பொம்மைக் கார் ஒன்று கண்ணில் படும். ஆசைப்பட்டு எடுப்பதற்கு முன் அடியைத் திருப்பிப் பாருங்கள். வெடிப்பு ஓடியிருந்தால் வைத்துவிடுங்கள். அந்தக் காலத்துத் துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துபோனதால் உள்ளிருந்தே உதிரும். பசை, பெயின்ட் எதுவும் உதவாது.

விலை. மைஸ்டோ சில ஆயிரத்தில் முடியும். மினிசாம்ப்ஸ் அதற்குக் கொஞ்சம் மேலே. சிஎம்சி அங்கேயே பல நூறு யூரோ. இங்கே வரவழைத்தால் சுங்கம் வேறு. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 20 சதவீதமாக இருந்தது, 2020-ல் 60 ஆனது, 2023-ல் 70. ஸ்கேல் மாடலையும் அந்தப் பொம்மைத் தலைப்பில்தான் சேர்த்திருக்கிறார்கள். நீங்கள் கலைப்பொருள் என்று எவ்வளவு வாதாடினாலும் ரசீது வரியோடுதான் வரும். வாங்கும் முன் அதையும் கூட்டிக் கணக்குப் போடுங்கள்.

நிறைய கார்கள், வருஷா வருஷம் ஜெயித்தது எல்லாம் வேண்டும் என்பவர்கள் 1:43-ஐ விட்டு வெளியே வரவேண்டாம். ஓர் அலமாரித் தட்டில் ஐம்பதுகளின் பந்தயங்கள் முழுவதும் நின்றுவிடும். பிள்ளைகள் ஓடுகிற வீட்டுக்கு மைஸ்டோ. எனக்கு இந்த ஒரே காரில்தான் பித்து, மற்றது வேண்டாம் என்பவர் இரண்டு மூன்று வருஷம் சேர்த்து வைத்தாவது சிஎம்சி வாங்கட்டும். மைஸ்டோவில் ஆரம்பித்து மினிசாம்ப்ஸ் வழியாக அங்கேதான் வந்து சேர்வார், நான் வந்த மாதிரி. நடுவில் செலவழித்தது வீண்.

இதையெல்லாம் அத்தானிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் காபியைக் கீழே வைத்துவிட்டு சிஎம்சியின் முன் சக்கரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனார்.

"இதுல எத்தனை கம்பி இருக்கும்?"

"எண்ணிப் பாருங்க அத்தான்."

நாற்பதைத் தாண்டியதும் தடுமாறி, தலையைச் சொறிந்துவிட்டு, மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.