வேதக்கோயிலின் வெள்ள நிவாரணம்: எது உருப்படி, எது ஒப்புக்கு

மதுரைக்குக் கிழக்கே வைகைக் கரையோரச் சிற்றூர் ஒன்றின் கிறிஸ்தவப் பங்குக் கோயில், வெள்ளம் வடிந்த பிறகு நடத்திய, இன்னமும் நடத்திவரும் நிவாரண வேலையைப் பற்றிய மதிப்பீடு இது. ஊர்க்காரர்கள் வாயில் அது ‘வேதக்கோயில்’. சும்மா கொடுப்பதில் போய்க் குறை பார்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். ஓட்டலில் சாம்பார் புளித்திருந்தால் அடுத்த ஓட்டலுக்குப் போகலாம். முகாமில் டோக்கனோடு நிற்பவருக்கு அடுத்த கடை கிடையாது. அதனால் இங்கேதான் தரம் கறாராக இருக்க வேண்டும்.

மொத்தத்தில் ஐந்துக்கு நான்கு. முதல் சில நாள் சாப்பாட்டுக்கு மூன்றுதான். கேமராக்காரர்களும் கட்சிக்காரர்களும் போன பிறகு நடந்த கிணறு வேலைக்கும் காகித வேலைக்கும் தயங்காமல் ஐந்து.

முதலில் எச்சரிக்கை. வைகை அணையின் முழு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. மூன்றையும் கோயில் மைக்கில் சொல்லிவிடுகிறார்கள், அதுவும் தெருப் பெயரோடு சொல்கிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் கண் முழுக்க ஆற்றின் மேலேயே இருக்கிறது. இந்தப் பக்கத்தில் வீட்டுக்குள் தண்ணீர் நுழைவது பல நேரம் ஆற்றால் அல்ல, கண்மாயால். மேல் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் கீழ்க் கண்மாய்க்கு வந்தாக வேண்டும். நடுவில் வாய்க்காலை ஆகாயத்தாமரையும் குப்பையும் அடைத்திருந்தால் தெருதான் அதற்கு வாய்க்கால். 2024 அக்டோபர் 25 அன்று மதுரை நகருக்குள் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததும் சில மணி நேர மழையால்தான். செல்லூர் கண்மாயும் பந்தல்குடி வாய்க்காலும் அதைத் தாங்கவில்லை. மேல் கண்மாயில் மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கில் ஓர் ஆளை நிறுத்தி போனில் தகவல் வாங்கினால் இந்தக் குறை தீரும். செலவும் இல்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். சமையல் கோயில் பள்ளியின் சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில். திருவிழா அசன விருந்துக்கு வைத்திருக்கும் அண்டா, கரண்டி, ஜல்லடை எல்லாம் அங்கேயே இருப்பதால் முதல் நாளே அடுப்பு பற்றிவிட்டது. விறகு நனைந்து போயிருக்கும் என்று முன்னமே தெரிந்து 19 கிலோ வணிக சிலிண்டர்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நூறு பேருக்குச் சாம்பார் சாதம் என்றால் 10 கிலோ அரிசி, 3 கிலோ துவரம்பருப்பு என்ற கணக்கு. வயிறு நிறையத்தான் கிடைத்தது.

சொதப்பியது பொட்டலத்தில். ஆவி பறக்கும் சாம்பார் சாதத்தைப் பிளாஸ்டிக் கவரில் அள்ளி வாயை முடிச்சுப் போட்டு, அதை மூட்டையாக அடுக்கி, டிராக்டரில் கடைசித் தெருவுக்கு அனுப்பினால், உள்ளே வியர்த்து, நான்கைந்து மணி நேரத்தில் கெட்டு நூல் விடும். பருப்பும் காய்கறியும் சேர்ந்த சாதத்துக்கு அவ்வளவுதான் ஆயுள். முகாமில் சுடச்சுடத் தட்டில் போடுவதற்குச் சாம்பார் சாதம் சரி. தூரத்துக்கு அனுப்ப புளியோதரைதான்: நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, சாதத்தைப் பாயில் கொட்டி ஆறவைத்துக் கிளறி, வாழை இலையில் மடித்தால் ராத்திரி வரை தாங்கும். தேங்காய்ச் சட்னி பக்கமே போகக் கூடாது. அடுத்தடுத்த நாள்களில் இதைத் திருத்திக்கொண்டார்கள். கைக்குழந்தைக்காரர்களுக்கும் பல் இல்லாத பெரியவர்களுக்கும் தனியாக நொய்க்கஞ்சி வைத்தது யாருடைய யோசனையோ, அவருக்கு ஒரு சால்வை போர்த்தலாம்.

பெரிய சறுக்கல் பட்டியலில். பங்கு மக்களைத் தெருவாரியாக அன்பியம் என்று குழுவாகப் பிரித்து வைத்திருப்பார்கள்; எந்த வீட்டில் யார் படுக்கையில் கிடக்கிறார், எந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி என்பதெல்லாம் அன்பியப் பொறுப்பாளருக்கு மனப்பாடம். வெள்ள நேரத்தில் இதைவிடப் பெரிய சொத்து இல்லை. ஆனால் அந்த நோட்டில் இருப்பது வேதக்காரர் வீடுகள் மட்டும்தானே. முதல் சுற்றுச் சாமான் அந்த நோட்டைப் பார்த்தே போனதால், ஊரணிக்குத் தெற்கே இருக்கும் இரண்டு தெருக்காரர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். வேண்டுமென்று செய்ததல்ல, கையில் இருந்த பட்டியலை வைத்துச் செய்தது. பட்டினி கிடந்தவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இரண்டாம் சுற்றில் வந்த முறையைத்தான் மற்ற ஊர்க்காரர்கள் பார்த்துக் காப்பியடிக்க வேண்டும். 80 பக்க நோட்டு, தெருவுக்கு ஒன்று. இடப் பக்கத்தில் கதவு எண், குடும்பத் தலைவர் பெயர், ரேஷன் கார்டின் கடைசி நான்கு எண், ஆள் கணக்கு. வலப் பக்கத்தில் கொடுத்த சாமான், தேதி, வாங்கியவர் கையெழுத்து அல்லது ரேகை. கார்டு ஆற்றோடு போன வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டால் போதும். ஒவ்வொரு நோட்டுக்கும் அந்தத் தெருவைச் சேர்ந்த ஒருவரும், சேராத ஒருவரும் பொறுப்பு. சேராதவர் இருப்பதால் சொந்தக்காரர் வீட்டுக்கு இரண்டு பை போவது நின்றது. சேர்ந்தவர் இருப்பதால் ஒரே வீடு மூன்று கார்டு காட்டுவதும் நின்றது. வாடகைக்கு இருப்பவர்களும் செங்கல் சூளைக்கு வந்த வெளியூர்க் குடும்பங்களும் கார்டு இல்லாமலே நோட்டில் ஏறினார்கள். சாமான் கொடுத்தது பள்ளி வராந்தாவில், கோயிலுக்குள் அல்ல. பூசை அது பாட்டுக்கு அதன் நேரத்தில் நடந்தது. ஜெபம் சொன்னால்தான் அரிசி என்ற பேச்சே எழவில்லை என்பதை, கேட்கிறவர்களுக்காக இங்கே சொல்லி வைக்கிறோம்.

சாமான் பையில் அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, மிளகாய்ப்பொடி. சரிதான், ஆனால் அடுப்பே அடித்துக்கொண்டு போன வீட்டுக்கு அரிசி எதற்கு? பாத்திரமும் ஒற்றை பர்னர் அடுப்பும் அந்த வீடுகளுக்குப் பத்து நாள் கழித்துத்தான் வந்தன. கூடவே வந்த வாளி, குவளை, பாய், போர்வை, நாப்கின் ஆகியவற்றில் குறை இல்லை. தண்ணீரில் மூழ்கிய கேஸ் ரெகுலேட்டரையும் ரப்பர் டியூபையும் மாற்றாமல் பற்றவைக்க வேண்டாம், மெயின் சுவிட்சை வயர்மேன் பார்க்காமல் போட வேண்டாம் என்று பையிலேயே துண்டுச்சீட்டு வைத்திருந்தது கெட்டிக்காரத்தனம்.

கழிப்பறை மோசம். முகாம் என்றால் 20 பேருக்கு ஒரு கழிப்பறை, நெருக்கடியான தொடக்க நாள்களில் 50 பேருக்கு ஒன்று என்பது உலக அளவில் வைத்திருக்கும் கணக்கு. பள்ளிக் கழிப்பறை அந்தக் கணக்குக்குக் கிட்டேகூட வராது. இருட்டில் போய்வர விளக்கும் இல்லை. பெண்கள் ராத்திரியில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். மண்டபம் கட்டும் அடுத்த வசூலில் பாதியை இதற்கு ஒதுக்குவது நல்லது.

இனி ஐந்து மதிப்பெண் வாங்கிய வேலைகள்.

கிணறு. வெள்ளம் ஏறிய கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கைநிறைய அள்ளி மேலே தூவிவிட்டுப் போவதுதான் ஊரெங்கும் நடக்கிறது. அதில் பாதி மிதக்கும், மீதி சுண்ணாம்பாக அடியில் படியும். இங்கே வாலிபர் குழு செய்தது வேறு. முதலில் அளவு. கிணற்றின் விட்டம் 2 மீட்டர், தண்ணீர் ஆழம் 3 மீட்டர் என்றால், விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, நான்கால் வகுத்து, ஆழத்தால் பெருக்கினால் 9.42 கன மீட்டர். அதாவது சுமார் 9,400 லிட்டர். சாதாரண நாளில் ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் போதும். வெள்ளம் ஏறிய கிணற்றுக்கு 5 கிராம். ஆக, இந்தக் கிணற்றுக்கு 47 கிராம் வரும். 50 என்று வைத்துக்கொள்ளலாம்.

அதை வாளியில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தோசைமாவுப் பதத்துக்குக் குழைத்து, பிறகு முக்கால் வாளி வரை நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் அப்படியே விட வேண்டும். வாளிக்கு 100 கிராமுக்கு மேல் கூடாது. சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல் தெளிவை மட்டும் இன்னொரு வாளிக்குச் சாய்த்து, அந்த வாளியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுத் தண்ணீருக்குள் முக்கி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் நன்றாக ஆட்ட வேண்டும். அடியில் தங்கிய சுண்ணாம்பு கிணற்றுக்குள் போகக் கூடாது. போனால் தண்ணீர் கடினமாகும். ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது. ராத்திரி கடைசிக் குடம் எடுத்த பிறகு செய்தால் வம்பில்லை. காலையில் பஞ்சாயத்துத் தொட்டி ஆபரேட்டரிடம் இருக்கும் குளோரின் சோதனைப் பெட்டியை வாங்கி வந்து பார்த்தார்கள்: லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் காட்டினால் சரி. இரண்டு கிணற்றில் ஒன்றுமே காட்டவில்லை. காரணம், வாய் திறந்து ஈரத்தில் கிடந்த பழைய மூட்டை. அந்தப் பவுடரில் வாசனைகூட மிச்சமில்லை. புது மூட்டை பிரித்து மறுபடி போட்டார்கள். சோதனை பார்க்காமல் போயிருந்தால், மருந்து போட்ட கிணறு என்று நம்பி எல்லாரும் குடித்திருப்பார்கள்.

உறையோ சுவரோ இல்லாத பழைய கிணற்றை மோட்டார் போட்டு ஒரேயடியாக இறைக்க விடவில்லை என்பதும் நல்ல தீர்மானம். சுற்றி மண் ஊறியிருக்கும்போது உள்ளே தண்ணீர் சட்டென்று குறைந்தால் பக்கம் சரிந்து விழும்.

வீட்டுக்குள் படிந்த வண்டலை ஈரமாக இருக்கும்போதே மண்வெட்டியால் வழித்துத் தள்ளிவிட வேண்டும், காய்ந்தால் கடப்பாரைதான். இதற்கு ஆள் கொடுத்தார்கள். பிளீச்சிங் தண்ணீரோடு கழிப்பறை ஆசிட்டைக் கலந்து தேய்த்த ஒரு வீட்டில் கண்ணும் தொண்டையும் எரிந்து எல்லாரும் வெளியே ஓடிவந்தார்கள். இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. அதன் பிறகு இரண்டையும் ஒரே வீட்டுக்குக் கொடுப்பதை நிறுத்தினார்கள்.

காகித மேசை. ஞாயிறு பூசை முடிந்ததும் பள்ளி வகுப்பறையில், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள் சிலர் உட்காருகிறார்கள். நனைந்த பத்திரத்தை வெயிலில் போடாதே, நிழலில் ஒவ்வொரு தாளாகப் பிரித்து நடுவில் வெள்ளைத்தாள் வைத்து உலர்த்து. அச்சடித்த செய்தித்தாள் வைத்தால் மை ஒட்டும். லேமினேஷனுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஓரத்தை வெட்டிவிடு, இல்லாவிட்டால் உள்ளேயே பூஞ்சை பிடிக்கும் என்று பொறுமையாகச் சொல்கிறார்கள். பட்டா போய்விட்டதே என்று அழுதவர்களுக்குச் சர்வே எண்ணை வைத்து இணையத்தில் பார்த்து அங்கேயே அச்செடுத்துக் கொடுத்தார்கள். கிரையப் பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனு, ரேஷன் கார்டுக்கு இ-சேவை மையம் என்று எங்கே போவது என்பதைச் சீட்டில் எழுதித் தருகிறார்கள்.

அரசு நிவாரணத்துக்கான மனுவும் இங்கேதான். 2023 டிசம்பரில் அரசு உயர்த்தி அறிவித்த தொகை, இறந்த பசு அல்லது எருமைக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, சேதமான குடிசைக்கு 8,000. 33 சதவீதமோ அதற்கு மேலோ அழிந்த நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000. இதில் பலர் கோட்டைவிடுவது ஆட்டில். நாற்றம் தாங்காமல் அன்றைக்கே புதைத்துவிடுகிறார்கள். கால்நடை மருத்துவர் பார்க்காத ஆட்டுக்குச் சான்று எப்படி வரும்? புதைப்பதற்கு முன் கால்நடை மருந்தகத்துக்குப் போன், வி.ஏ.ஓ.வுக்குத் தகவல், ஆட்டின் காதில் மாட்டிய அடையாளத் தோடும் உரிமையாளர் முகமும் தெரிகிற மாதிரி போட்டோ என்ற மூன்றையும் கோயில் மைக்கில் தினமும் சொன்னார்கள். இவ்வளவு உபயோகமாக அந்த மைக் வேறெதற்கும் பயன்பட்டதாகத் தெரியவில்லை.

மருத்துவத்தில் சிஸ்டர்களின் மருந்தகம் சேற்றுப்புண், வயிற்றுப்போக்கு இரண்டையும் நன்றாகக் கவனித்தது. உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை ஒரு லிட்டரில் முழுதாகக் கரை, 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதே என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் கொடுத்தார்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை நனைந்து போனவர்களின் பெயரை எழுதி, அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஊழியரிடம் சேர்த்தது தனியாகப் பாராட்ட வேண்டியது. எலிக்காய்ச்சலுக்குத் தடுப்பு மாத்திரை கேட்டு வந்தவர்களை டாக்டரிடம்தான் அனுப்பினார்கள், தாங்களாகக் கொடுக்கவில்லை.

வரவுசெலவு கோயில் வாசல் பலகையில் வாராவாரம் ஒட்டப்படுகிறது, பில் நகலோடு.

உதவ நினைப்பவர்களுக்கு: பழைய துணி வேண்டவே வேண்டாம். ஒரு வகுப்பறை முழுக்கக் கிழிந்த சட்டையும் பட்டுச்சேலைத் துண்டும் ஈரத்தில் நாறிக் கிடந்தன. பிரிக்க ஆள் போட்டதுதான் மிச்சம். புது நைட்டி, கைலி, அளவு எழுதிய உள்ளாடை கொடுக்கலாம். பிளீச்சிங் பவுடர் வாங்கித் தருவதானால் தயாரித்த தேதி பார்த்து, சின்னப் பைகளாக வாங்குங்கள். பெரிய மூட்டை ஒருமுறை பிரித்தால் பாதிக்கு மேல் வீண். பணமாகக் கொடுத்தால் ரசீது கேட்டு வாங்குங்கள், கேட்டால் முகம் சுளிப்பதில்லை. காகித மேசைக்கு மனு எழுதத் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள், ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் போகலாம்.