அம்மா வீட்டுக்குள் நின்றால் கனடா, வாசலுக்கு வந்தால் யாழ்ப்பாணம்

டிசம்பர் நடுவில் யாழ்ப்பாணம் போய் ஜனவரி முதல் கிழமையோடு திரும்பினேன், மொத்தம் மூன்று கிழமை. போய் வந்தவர்கள் எல்லாம் சாப்பாட்டையும் நுளம்பையும் பற்றி எழுதிவிட்டார்கள். நான் போன் காட்டிய லொக்கேஷன் பிழையைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் அந்தக் கூத்துக்குக் காரணம் நானே கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் இருந்து சூட்கேசில் சுமந்துகொண்டு போன சாமான்தான் என்று பிடிக்க எனக்கு ஆறு நாள் எடுத்தது. இதே வேலையை வேறு ஆட்களும் செய்கிறீர்கள் என்று தெரியும்.

முதலில் நல்லது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சிம் எடுப்பது இப்போது பத்து நிமிட அலுவல். வெளியே வரும் வழியிலேயே கவுண்டர்கள் இருக்கின்றன, பாஸ்போட்டைக் கொடுத்தால் அங்கேயே போட்டு வேலை செய்ய வைத்துத் தருகிறார்கள். வங்கிக் கணக்கு ஓடிபி எல்லாம் கனடா நம்பருக்குத்தான் வரும் என்பதால் அதையும் கழற்றாமல், இரண்டாவதாக உள்ளூர் சிம் போட்டுக்கொண்டேன். அன்றிரவே யாழ்ப்பாணம் பஸ். நித்திரை வராமல் ஏ9 வீதி முழுக்க மேப்பைப் பார்த்துக்கொண்டே போனேன். வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு, நீலப் புள்ளி ஒரு மீற்றர் கூட வீதியை விட்டு விலகவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன் பழுதில்லை என்பதற்கு அப்போதே சாட்சி இருந்தது, நான்தான் பிறகு மறந்துவிட்டேன்.

அம்மா வீடு கொக்குவில் பக்கம், ஒழுங்கைக்குள் குச்சொழுங்கை. பழைய வீடு, தடித்த சுவர். முன் ஹோலில் இருக்கிற இன்டர்நெட் பெட்டியின் வைஃபை பின்னறைக்குப் போகாது, அம்மா ஒவ்வொரு முறையும் வீடியோ கோல் எடுக்கும்போது விறாந்தைக்கு வந்து நின்றுதான் கதைப்பார். அதனால் நாங்கள் ஸ்காபரோ வீட்டில் நான்கு வருடம் பாவித்த மூன்று பெட்டி மெஷ் வைஃபையை (வீட்டின் வேறு வேறு இடங்களில் வைத்து ஒரே வைஃபையைப் பரப்புகிற பெட்டிகள்) கொண்டு போயிருந்தேன், இங்கே புதிது வாங்கியாயிற்று. அடப்டரில் 100–240 வோல்ட் என்று போட்டிருந்தால் அங்கே எரியாது, பிளக்குக்கு மட்டும் ஒரு மாற்றி வேண்டும். அரை மணித்தியாலத்தில் பூட்டி முடித்தேன். பின்னறை, குசினி, கிணற்றடி வரை வைஃபை. அம்மாவுக்கு ஒரே புளுகம்.

அடுத்த நாள் காலை மனைவியின் போனில் வானிலை: ஸ்காபரோ, மைனஸ் 9, பனி. சிரித்துவிட்டு விட்டோம். பிறகு ஓட்டோ பிடிக்கலாம் என்று ஆப்பைத் திறந்தால் இந்தப் பகுதியில் சேவை இல்லை என்கிறது. வாசலுக்குப் போய்த் திறந்தால் சேவை இருக்கிறது! உள்ளே வந்தால் மறுபடி இல்லை. பக்கத்து வீட்டுப் பொடியன் சும்மா கதைக்க வந்து பின்னறையில் இருந்தான், எங்கள் வைஃபையில் சேரக்கூட இல்லை, அவனுடைய போனையும் மேப் கனடாவுக்குக் கொண்டுபோய்விட்டது. "விசா இல்லாமலே போட்டன் அண்ணை" என்றான்.

அப்புறம் அலாரம். திருவெம்பாவை நாட்கள், விடியற்காலைப் பூசைக்கு அம்மாவோடு கோயிலுக்குப் போவதாகச் சொல்லி 4:30க்கு அலாரம் வைத்துவிட்டு, இரவில் கனடா நம்பருக்கு யாரும் அடித்து ரோமிங் காசு ஏறாமல் இருக்க விமானப் பயன்முறையில் போட்டு வைஃபையை மட்டும் விட்டுப் படுத்தேன். சங்கும் சேமக்கலமும் கேட்டுத்தான் கண் விழித்தேன், ஒழுங்கையால் பொடியள் போகிறார்கள். போனைப் பார்த்தால் பின்னேரம் 6:20. ஒரு கணம் உண்மையாகவே எங்கே கிடக்கிறேன் என்று தெரியவில்லை. நேர வலயத்தைத் தானாக மாற்று என்று விட்டிருந்தேன், போன் தன்னை ரொறன்ரோவில் நிற்பதாக நினைத்துப் பத்தரை மணித்தியாலம் பின்னால் போய்விட்டது. அம்மா குளித்து முழுகி வெளிக்கிட்டு நின்றுகொண்டு, "உந்த போனை நம்பிப் படுத்தனியோ" என்றார்.

சரி, போனில்தான் பிழை என்று முடிவு கட்டி டவுனுக்குக் கொண்டு போனேன். முதல் கடையில் (பெயர் வேண்டாம்) திறந்தும் பார்க்கவில்லை, ஜிபிஎஸ் அன்டெனா போயிற்று, 14,500 ரூபா, நாளைக்கு வாங்கோ என்றார்கள். அதோடு நிற்காமல் நெட்வேர்க் செற்றிங்சை ரீசெற் பண்ணிப் பார்ப்போம் என்று கேட்காமலே அமத்திவிட்டார்கள், சேமித்து வைத்திருந்த அத்தனை வைஃபை பாஸ்வேர்டும் போயிற்று. அந்த ரீசெற் எல்லாவற்றுக்கும் மருந்து என்று யாராவது சொன்னால், அது என்னத்தை அழிக்கும் என்று முதலில் கேளுங்கள்.

இரண்டாவது கடை, ஒரு ஆள் மட்டும் நிற்கக்கூடிய அகலம், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இருபது வயதுப் பெடியன். போனை வாங்கி, கடை வாசலில் வெளியே பிடித்து மேப்பைத் திறந்து, விரலால் பெரிதாக்கி, நீலப் புள்ளி அவன் நிற்கிற இடத்திலேயே நிற்பதைக் காட்டினான். பிறகு கேட்ட ஒரே கேள்வி: "வீட்டில ஆற்ற வைஃபை அண்ணை?" நான் மெஷ் கதையைச் சொன்னேன். "அது கனடாவில கன நாள் இருந்ததோ?" நான்கு வருடம் என்றேன். "அப்ப அதுதான். போனுக்கு ஒண்டுமில்லை, காசும் வேண்டாம்."

விஷயம் இதுதான். ஜிபிஎஸ் செய்மதிகள் 20,000 கிலோமீற்றருக்கு மேலே சுற்றுகின்றன, கீழே வந்து சேரும் அலை மிக மெல்லியது. குறைந்தது நான்கு செய்மதிகளை ஒன்றாகக் கேட்டால்தான் போன் இடத்தைக் கணக்குப் பண்ணும். வெட்ட வெளியில் சுமார் 5 மீற்றருக்குள் சொல்லிவிடும். கொங்கிறீற் கூரைக்குக் கீழே அது ஒழுங்காகக் கேட்காது, அப்போது போன் சுற்றியிருக்கிற வைஃபை பெட்டிகளைப் பார்க்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தனி அடையாள எண் உண்டு, பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றினாலும் அந்த எண் அப்படியே இருக்கும். இந்த எண் பெட்டி இந்த இடத்தில் இருக்கிறது என்று கூகிளும் அப்பிளும் ஆளுக்கொரு பெரிய பட்டியல் வைத்திருக்கின்றன. வீதியால் போகிற வருகிற போன்கள் சொல்லிச் சொல்லி உருவான பட்டியல் அது. சேரத் தேவையில்லை, பெட்டி இருப்பது போனின் காதில் விழுந்தாலே போதும். என் மூன்று பெட்டிகளும் அந்தப் பட்டியலில் ஸ்காபரோ. ஊர் ஹோலில் இருக்கிற பெட்டி ஒன்றுதான் யாழ்ப்பாணம். ஒன்றுக்கு மூன்று என்றால் யார் வெல்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை. 13,000 கிலோமீற்றருக்கு மேல் தள்ளியிருக்கிற ஒரு இடத்தை போன் அவ்வளவு நம்பிக்கையோடு காட்டியதன் காரணம் இவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து பரிசோதித்தேன். மெஷ் பெட்டிகள் மூன்றையும் கழற்றி, போனில் வைஃபையை நிறுத்தி, முற்றத்தில் கிணற்றடிக்குப் பக்கத்தில் மேலே திறந்த இடத்தில் இரண்டு நிமிடம் நின்றேன். புள்ளி வந்து ஒழுங்கைக்குள் இறங்கி எங்கள் வளவில் நின்றது. மறுபடி பூட்டி உள்ளே போனேன், ஐந்து நிமிடத்தில் ஸ்காபரோ.

நிரந்தர வழி என்றால் இரண்டு. ஒன்று, வைஃபை பெயரின் கடைசியில் அடிக்கோடு ஒன்று போட்டு நோமேப் என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் (_nomap) சேர்ப்பது. அப்படிப் பெயர் வைத்த பெட்டிகளைக் கூகிளும் அப்பிளும் தங்கள் பட்டியலில் இருந்து எடுத்துவிடும், ஆனால் உடனே அல்ல. மற்றது, வருகிற போகிற போன்கள் புதிய இடத்தைச் சொல்லச் சொல்லப் பட்டியல் தானாகத் திருந்தும் வரை பொறுப்பது. ரொறன்ரோ போன்ற இடத்தில் நாளுக்கு ஆயிரம் போன் வாசலால் போகும், குச்சொழுங்கைக்குள் மீன்காரர், தபால்காரர், சைக்கிளில் போகிற டியூஷன் பிள்ளைகள், அவ்வளவுதான். நான் முதலாவதைச் செய்தேன். அதோடு நேர வலயத்தைத் தானாக மாற்றுவதை நிறுத்திவிட்டுக் கொழும்பு என்று கையால் வைத்தேன், திருவெம்பாவையின் மிச்ச நாட்கள் அலாரம் தவறவில்லை.

இதற்கிடையில் ஓட்டோக் கதை ஒன்று. லொக்கேஷன் சரியான பிறகும் ஓட்டோக்காரர் வேறு ஒழுங்கையில் போய் நின்றார். வெளியே மப்பும் மந்தாரமும், "மழைக்காருக்கு ஜிபிஎஸ் பிடியாது அண்ணை" என்றார். அது சரியில்லை, ஜிபிஎஸ் அலைக்கு முகில் ஒரு பொருட்டே அல்ல. நடந்தது என்னவென்றால், நான் புள்ளியை விட்டுவிட்டு முகவரியைத் தட்டச்சுப் பண்ணியிருந்தேன், மேப் எங்கள் ஒழுங்கையின் பெயரை அடுத்த ஒழுங்கையில் எழுதி வைத்திருக்கிறது. போன் தன் இடத்தைப் பிழையாகச் சொல்வது வேறு, மேப் உங்கள் வீட்டைப் பிழையான இடத்தில் வைத்திருப்பது வேறு. முதலாவதுக்கு போனைப் பார்க்க வேண்டும், இரண்டாவதுக்கு போனை என்ன செய்தும் பிரயோசனம் இல்லை. கொழும்பில் இருந்து தங்கச்சி அனுப்பிய பார்சலும் இதனால்தான் இரண்டு நாள் சுற்றியது. கூரியர்காரர் நல்ல மனிசன், மூன்றாம் முறை போன் அடித்து, "அண்ணை, மேப்பை விடுங்கோ, கிட்ட என்ன கோயில் எண்டு சொல்லுங்கோ" என்று கேட்டார். வைரவர் கோயிலடி என்றேன், பத்து நிமிடத்தில் வந்துவிட்டார்.

அதன் பிறகு நான் செய்தது, எங்கள் கேற்றுக்கு முன்னால் நின்று மேப்பில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்து வருகிற பிளஸ் கோடைக் குறித்து வைத்ததுதான். எழுத்தும் எண்ணுமாகக் கொஞ்சம், பின்னால் யாழ்ப்பாணம் என்று ஊர்ப் பெயர். ஏறக்குறைய 14 மீற்றருக்கு 14 மீற்றர் சதுரம் ஒன்றைக் காட்டும். அதை ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் எழுதி அம்மாவின் பிரிஜ்ஜில் ஒட்டியிருக்கிறேன். ஒழுங்கைப் பெயரைத் திருத்தச் சொல்லியும் மேப்பில் அனுப்பினேன், பார்ப்போம்.

சின்னதாக இன்னும் இரண்டு விஷயம். மச்சானின் ஐபோனில் ஓட்டோ ஆப் மட்டும் இரண்டு மூன்று கிலோமீற்றர் தள்ளிக் காட்டியது, மற்ற ஆப் எல்லாம் சரி. லொக்கேஷன் சர்வீசஸ் என்ற இடத்துக்குள் போய் அந்த ஆப்பைத் தொட்டால் பிரிசைஸ் லொக்கேஷன், அதாவது துல்லியமான இடம், என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அது அணைந்திருந்தது. முதல் முறை அனுமதி கேட்கும்போது அவசரத்தில் அமத்தினதாக இருக்கும். அன்ட்ரொய்டிலும் 12 முதல் இதே தெரிவு உண்டு. மற்றது, மேப்பில் இடம் சரி, ஆனால் நீலப் புள்ளியின் முன்னால் வருகிற வெளிச்சக் கூம்பு நேரெதிர்ப் பக்கம் பார்க்கிறது என்றால் அது ஜிபிஎஸ் இல்லை, திசைகாட்டி. என் மனைவியின் போன் உறையில் காந்த மூடி. உறையைக் கழற்றிவிட்டு போனைக் காற்றில் எட்டுப் போடுகிற மாதிரி ஆட்டினால் சரியாகிவிடும். சந்தியில் நின்று இதைச் செய்தபோது இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

திரும்பி வந்து ஐந்தாவது கிழமை. குடும்பத்துக்குள் லொக்கேஷன் பகிர்ந்து வைத்திருக்கிறோம், ஹோலிலும் குசினியிலும் இருக்கிற பெட்டிகள் திருந்திவிட்டன, அம்மா யாழ்ப்பாணத்தில்தான் நிற்கிறார். பின்னறைப் பெட்டி மட்டும் இன்னும் அடம் பிடிக்கிறது. நேற்று இரவு நான் வேலையால் வந்து பார்க்கிறேன், ஊரில் அப்போது காலை, அம்மா பின்னறையில் இருந்து தேவாரம் கேட்கிற நேரம். மேப்பில் அவருடைய படம் எங்கள் ஸ்காபரோ வீட்டுக் கூரைக்கு மேலேயே நின்றது.