பாலோடு சைவமா, பாலும் வேண்டாமா?

சித்தப்பா மகன் போன வாரம் போனில் கேட்டான்: "அண்ணே, கறியை விட்டுரலாம்னு இருக்கேன். பாலையும் சேத்து விட்டுரவா, இல்ல அவ்வளவு தூரம் போக வேண்டாமா?" இரண்டையும் செய்து பார்த்தவன் என்பதால் என்னிடம் கேட்டான். ஐந்து வருடம் பாலோடு சைவம். அப்புறம் இப்போது ஆறாவது வருடமாகப் பாலும் இல்லை, தயிரும் இல்லை, நெய்யும் இல்லை. எங்களுடையது மதுரைப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்காவிட்டால் "வீட்ல யாருக்கும் உடம்பு சரியில்லையா?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். மனைவியும் மகனும் இன்றும் கறி சாப்பிடுகிறவர்கள்தான். அதனால் நான் சொல்வதெல்லாம் கறி வேகிற வீட்டுக்குள் இருந்துகொண்டு சொல்வது. சைவக் குடும்பத்தில் பிறந்தவர்களின் கதை வேறு.

அவனிடம் சொன்னதையே இங்கும் முதலில் சொல்லிவிடுகிறேன்: நான் பாலும் வேண்டாம் கட்சி.

எல்லோரும் முதலில் கேட்கும் புரதம் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. துவரம்பருப்பும் நிலக்கடலையும் சுண்டலும் கிடைக்கிற ஊர் இது, இரண்டு வழியிலும் சமாளிக்கலாம். கால்சியத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது. 100 கிராம் மாவில் சுமார் 340 மில்லிகிராம். அதே அளவு பாலில் 120 சொச்சம்தான். உடம்பு அதில் எவ்வளவைப் பிடித்துக்கொள்ளும் என்பது வேறு கணக்கு, அதில் பால் கொஞ்சம் முன்னால் நிற்கிறது. முட்டை சைவமா அசைவமா என்ற பட்டிமன்றத்துக்குள் நான் போகவில்லை. எனக்கு இரண்டு காலத்திலும் முட்டை கிடையாது.

பாலை ஏன் விட்டேன் என்பதற்குப் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. அம்மாச்சி வீட்டில் மாடு வைத்திருந்தார்கள். ஒருமுறை கன்று செத்துப்போனது. அதன் தோலை உரித்து, உள்ளே வைக்கோல் அடைத்து, கறக்கும் நேரத்தில் பசுவுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். பசு அதை நக்கிக்கொடுத்துக்கொண்டே பால் சுரந்தது. சிறுவயதில் அதை வேடிக்கையாகத்தான் பார்த்தேன். கறியை விட்ட பிறகுதான் அந்தக் காட்சி அடிக்கடி வர ஆரம்பித்தது. காளைக்கன்று பிறந்தால் கொஞ்ச நாளில் வியாபாரி வந்து ஓட்டிப்போவார். எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. உலகிலேயே அதிகம் பால் கறக்கிற இந்தியா, எருமை இறைச்சியை அதிகம் ஏற்றுமதி செய்யும் நாடுகளிலும் ஒன்று. இரண்டும் ஒரே தொழுவத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

இந்தச் சண்டை புதிதும் இல்லை. 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் இன்னும் சிலரும் 'வீகன்' என்ற சொல்லையே உண்டாக்கியது இதற்காகத்தான். சைவ உணவுக்காரர்கள் பாலையும் முட்டையையும் பற்றிப் பேச மறுத்ததால் பிரிந்து போனவர்கள் அவர்கள்.

சரி, காரணம் அவரவருக்கு. நடைமுறைக்கு வருவோம். என் அனுபவத்தில் இந்தத் தேர்வை முடிவு செய்வது உங்கள் வீட்டு அடுப்படி அல்ல. அங்கே எதையும் பழகிக்கொள்ளலாம். அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பாலோடு சைவமாக இருந்த ஐந்து வருடமும் சொந்தக்காரர்களோடு எனக்கு ஒரு உரசலும் வந்ததில்லை. பந்தியில் கறியை மறுத்தாலும், உட்கார்ந்ததும் நீட்டுகிற காப்பியை வாங்கிக் குடித்துவிடுவேன். "கறிதான் திங்க மாட்டான், மத்தபடி தங்கமான பிள்ளை" என்று முடிந்துவிடும். ஒன்றை மறுப்பதற்கு ஈடாக இன்னொன்றை ஏற்றுக்கொள்ள முடிந்தது. பாலை விட்ட பிறகு அந்த ஈடு போய்விட்டது. நம் ஊரில் ஒரு வீட்டுக் காப்பியை வேண்டாம் என்று சொல்வது அந்த வீட்டையே வேண்டாம் என்று சொல்வது மாதிரி. முதல் வருடம் இதைப் புரிந்துகொள்ளாமல் நான் நிறையப் பேருடைய முகத்தைச் சுருங்க வைத்திருக்கிறேன். பெரிய அத்தை ஆறு மாதம் சரியாகப் பேசவில்லை. கறியை விட்டபோது சிரித்துக்கொண்டே விட்டுவிட்டவர் அவர்.

தப்பு என் பக்கம். வேண்டாம் என்று மட்டும் சொன்னேன், எது வேண்டும் என்று சொல்லவில்லை. அப்புறம் ஒருநாள், "கருப்பட்டி போட்டுக் கடுங்காப்பி கிடைக்குமா அத்தை?" என்று கேட்டேன். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். உள்ளே படுத்திருந்த அப்பத்தா எழுந்து வந்து, "நாங்க சின்னப் பிள்ளையில குடிச்சதெல்லாம் அதுதானடா, பாலுக்கு எங்க போக?" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசினார். அவருக்கும் ஒரு டம்ளர் போட வேண்டியதாயிற்று. எந்த வீட்டிலும் தூளும் வெல்லமும் இருக்கும், சுக்கும் பெரும்பாலும் இருக்கும். கேட்டால் போட்டுத் தருகிறார்கள். கேட்பதற்கு எனக்கு ஒரு வருடம் பிடித்தது. இதைச் செய்ய முடியாதவர்கள், அடுத்தவரிடம் ஒன்றைக் கேட்டு வாங்கக் கூச்சப்படுகிறவர்கள், பாலோடு சைவத்திலேயே நின்றுகொள்வது நல்லது. இதை மனதாரத்தான் சொல்கிறேன்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று உண்டு. பாலை விட்டவனுக்குக் கறி சமைக்கிற இடத்தைவிடச் சைவம் மட்டும் சமைக்கிற இடத்தில்தான் பாடு அதிகம். எங்கள் பக்கத்துக் கறி மெஸ்களில் சாப்பாடு கேட்டால் சோறு, சாம்பார், ரசம், ஒரு பொரியல், எல்லாமே கடலெண்ணெய்த் தாளிப்பு. கடைசியில் வருகிற மோரை வேண்டாம் என்றால் வேலை முடிந்தது. உயர்தரச் சைவ ஹோட்டலில் பொங்கல் நெய்யில் மிதக்கிறது, தோசைமேல் வெண்ணெய் விழுகிறது, குருமாவில் தயிரா பாலாடையா தெரியாது, வடநாட்டுப் பக்கம் திருப்பினால் முழுக்கப் பனீர். சைவக் கல்யாணப் பந்தியில் நான் இலையில் பாதியை ஒதுக்கியிருக்கிறேன். குலதெய்வம் கோயில் கிடா வெட்டில் சோறும் ரசமும் ஊறுகாயுமாக நிம்மதியாகச் சாப்பிட்டு எழுந்திருக்கிறேன். எலும்பு போடாத ரசமா என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். கரண்டி மாறிவிட்டது, ஒரே அடுப்பில் கறி வெந்தது என்ற விசாரமெல்லாம் எனக்கில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும்.

கோயில் பிரசாதம் தனி வம்பு. பாலோடு சைவம் என்றால் எதையும் கையேந்தி வாங்கலாம். எனக்கு நெய்யும் தேனும் சேர்ந்த பழனி பஞ்சாமிர்தமும் ஆகாது, சர்க்கரைப் பொங்கலும் ஆகாது. திருநீறோடு திரும்பிவிடுவேன். "அதுவும் மாட்டுச் சாணத்துல செஞ்சதுதானண்ணே" என்று இதே சித்தப்பா மகன் ஒருமுறை கேட்டான். இன்றுவரை பதில் சொல்லவில்லை.

சொல்லுக்கும் ஒரு எடை இருக்கிறது. 'சைவம்' என்பது ஒரே வார்த்தையில் வேலையை முடித்துவிடும். ஹோட்டல், ரயில், கல்யாண வீடு, எங்கும் விளக்கம் தேவையில்லை. ஆனால் நம் ஊரில் அந்த வார்த்தை சாதியையும் தூக்கிக்கொண்டு வருகிறது. சென்னையில் வீடு தேடியபோது ஒரு வீட்டுக்காரர் "சைவம்தானே?" என்று கேட்டார். அவர் கேட்டது சாப்பாட்டை அல்ல என்று இருவருக்குமே தெரியும். நான் ஆமாம் என்றிருந்தால் வீடு கிடைத்திருக்கும். பொய்யும் இல்லை. சொல்ல வாய் வரவில்லை. சொந்த ஊரில் அதுவே மறுபக்கம். "என்ன, ஐயராயிட்டியா?" என்று கேலி. மாமா ஒருவர் மட்டும், "வடலூர் ஆளா?" என்று கேட்டார். 1867-இல் வள்ளலார் தருமச்சாலை தொடங்கிய நாளிலிருந்து, சாதி பார்க்காமல் புலாலை விட்டவர்களுக்கு ஊரில் ஒரு அடையாளம் இருக்கிறது. அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. 'வீகன்' என்றால் யாருக்கும் எதுவும் தெரியாது, அதற்குத் தமிழில் சொல்கிற 'நனிசைவம்' என்றால் அதைவிடக் குறைவு. தெரியாத சொல்லில் சாதியும் ஒட்டியிருக்காது. பதிலுக்கு ஒவ்வொரு இடத்திலும் பால், தயிர், நெய், வெண்ணெய் என்று பட்டியல் வாசிக்க வேண்டும்.

பயணத்தில் பாலோடு சைவம் தெளிவாக ஜெயிக்கிறது. பாக்கெட்டில் பச்சைப் புள்ளியைப் பார்த்தால் போதும். ஆனால் அந்தப் புள்ளிக்குள் பாலும் அடக்கம் என்பதால் எனக்கு அதனால் பயனில்லை. பின்பக்கத்துப் பொடி எழுத்தில் பால் பவுடர் இருக்கிறதா என்று தேடுவேன், சாதாரண பிஸ்கட்டில்கூட இருக்கும். வீகன் உணவுக்கென்று பச்சை நிறத்தில் தனி முத்திரை வந்திருக்கிறது, எங்கள் தெருக் கடைகளில் அதை நான் கண்டதில்லை. விமானம்தான் விதிவிலக்கு. முன்கூட்டியே விஜிஎம்எல் (VGML) என்ற சாப்பாட்டுக் குறியீட்டைப் பதிந்துவிட்டால் பால் இல்லாத சாப்பாடு வரும். ஏவிஎம்எல் (AVML) என்று பதிந்தால் தயிரும் பனீரும் கூட வரும். நான் பறந்ததே நான்கு முறை, ஆகவே இதற்குமேல் எனக்குப் பேச்சில்லை.

மாத்திரை விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். வைட்டமின் பி12 பாக்டீரியாக்கள் உண்டாக்குவது. காய்கறியில், பருப்பில், கீரையில் நம்பத்தக்க அளவு கிடையாது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் போதும். பாலும் தயிரும் நன்றாகச் சேர்த்துக்கொள்கிறவருக்கு அதில் ஒரு பகுதி வந்துவிடும். எனக்கு மாத்திரைதான் வழி. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் ஒன்றிரண்டு வருடம் எதுவும் தெரியாது, அதுதான் ஆபத்து. எனக்கு இரண்டாம் வருடக் கடைசியில் பாதத்தில் மரமரப்பு வந்தது. செருப்பு சரியில்லை என்று நினைத்துச் செருப்பை மாற்றினேன். ரத்தப் பரிசோதனையில் அளவு தரைமட்டம். சில வாரம் ஊசி, அப்புறம் மாத்திரை, மரமரப்பு போய்விட்டது. பாலோடு சைவமாக இருப்பவர்களும் வருடம் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது, காப்பியில் ஊற்றுகிற பாலை நம்பி இருந்துவிட முடியாது. நான் நாற்பது தாண்டிய ஆண், என் உடம்பைப் பற்றி மட்டும்தான் சொல்ல முடியும். கர்ப்பிணிகள், குழந்தைகள் விஷயத்தில் என் பேச்சைக் கேட்காதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள்.

செலவைப் பற்றியும் கேட்டான். சோயா பாலும் ஓட்ஸ் பாலும் பாக்கெட்டில் வாங்கினால் ஆவின் பாலைவிடப் பல மடங்கு. சோயா பால் சூடான காப்பியில் சில சமயம் திரிந்தும்விடும். நான் அவற்றை விட்டுவிட்டேன். தேங்காய்ப் பாலும் நிலக்கடலைப் பாலும் வீட்டிலேயே எடுக்கிறேன். கடலைப் பாலில் பச்சைமிளகாய்க் காம்பைப் போட்டு வைத்தால் தயிராக உறைகிறது. இஞ்சி, கறிவேப்பிலை, கடுகு தாளித்தால் அந்தத் தயிர்ச் சோறு தேவலாம். தாளிக்காமல் சாப்பிடச் சொன்னால் நானே மாட்டேன்.

சித்தப்பா மகன் முதலில் ஒரு வருடம் பாலோடு இருந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். அவன் விற்பனை வேலையில் மாதம் இருபது நாள் வெளியூர், அவனுக்கு அதுவே சரி. எனக்கு இன்னும் மோர்க்குழம்புக்குத்தான் வழி கிடைக்கவில்லை. போன மாதம் கடலைத் தயிரில் வைத்துப் பார்த்தேன். மனைவி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுக்கு வேற பேரு வச்சிருங்க" என்றாள்.