போடி லைன் எஞ்சினுக்குக் குரல் கொடுத்த பெட்டி: லோக்புரோகிராமர் மதிப்புரை

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ஓடிய மீட்டர் கேஜ் ரயில் 2010 டிசம்பர் கடைசியில் நின்றது. அகலப்பாதை ரயில் போடியைத் தொடுவதற்குள் 2023 ஆகிவிட்டது. அந்தப் பழைய ரயிலை இழுத்த ஒய்.டி.எம்-4 டீசல் எஞ்சினை 1:87 அளவு மாதிரி எஞ்சினாகப் பிளாஸ்டிக் தகட்டில் செய்து, விலைக்கு வாங்கிய, மோட்டாருடன் கூடிய அடிச்சட்டம் ஒன்றின் மேல் பொருத்தி வைத்திருக்கிறேன். (இந்த அளவில் மீட்டர் கேஜ் பாதைக்கு ஏறத்தாழ 11.5 மி.மீ. அகலம்தான் வர வேண்டும். என் எஞ்சினோ 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடுகிறது. அளவில் கண்டிப்பானவர்கள் பொறுத்தருள்க.) உருவம் அமைந்த பிறகும் ஊமையாக இருந்த அதற்குக் குரல் கொடுப்பதற்காகவே ஜெர்மனியின் இ.எஸ்.யு. நிறுவனத்தின் லோக்புரோகிராமர் பெட்டியையும் (கணினியிலிருந்து ஒலியை ஏற்றுவது இதுதான்), அதே நிறுவனத்தின் லோக்சவுண்ட் 5 டிகோடரையும் (எஞ்சினுக்குள் இருந்து மோட்டாரையும் ஒலியையும் இயக்கும் சிறு மின்னணுப் பலகை) வாங்கினேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: டிகோடரின் அமைப்புகளை மாற்றுவதற்கு மட்டும் இந்தப் பெட்டி தேவையில்லை. சி.வி. எனப்படும் எண்ணிட்ட அறைகளில் உள்ள மதிப்புகளே எஞ்சினின் நடத்தையைத் தீர்மானிக்கின்றன. எஞ்சினைத் தனித்து அழைக்க உதவும் எண்ணான முகவரி 1-ஆம் சி.வி.யில் இருக்கிறது, புதிய டிகோடரில் அது வழக்கமாக 3 என்றிருக்கும். வேகம் எடுக்கும் நிதானம் 3-இலும், வேகம் தணியும் நிதானம் 4-இலும், இ.எஸ்.யு. டிகோடர்களில் மொத்த ஒலியளவு 63-இலும் உள்ளன. இவற்றையெல்லாம் மாதிரி ரயிலை ஓட்டப் பயன்படும் சாதாரணக் கைக்கருவியிலேயே மாற்றிவிடலாம். டிகோடருக்குள் இருக்கும் ஒலியையே எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க வேண்டும் என்னும்போதுதான் பெட்டியின் உதவி இன்றியமையாததாகிறது. அந்த வேலையையும் அது இ.எஸ்.யு. டிகோடர்களுக்கு மட்டுமே செய்யும். பிற நிறுவன டிகோடர்களில் சி.வி.க்களைப் படிக்கலாம், எழுதலாம், அவ்வளவே. மென்பொருள் இலவசம், ஆனால் விண்டோஸ் கணினி வேண்டும்.

ஒய்.டி.எம்-4-இல் இருப்பது 6 சிலிண்டர் ஆல்கோ 251 எஞ்சின். 251 வகைக்கான ஆயத்த ஒலித்தொகுப்பு ஒன்றை நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொண்டேன். அது அமெரிக்க எஞ்சினுக்காக அமைந்தது என்பதால் கைக்கருவியின் முதல் பொத்தானில் (எஃப்1) மணி அடித்தது. நம் ஊர் டீசலுக்கு ஏது மணி? அதை நீக்கிவிட்டு, உசிலம்பட்டி நிலையத்தில் முன்பு கைபேசியில் பதிந்து வைத்திருந்த ஹாரனைச் சேர்த்தேன். 31.25 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ கோப்பாக மாற்றி, தொடக்கம், நீளும் நடுப்பகுதி, முடிவு என மூன்றாக வெட்டிக் கொடுத்தால், பொத்தானை அழுத்தியிருக்கும் நேரத்திற்கேற்ப ஹாரன் நீண்டும் குறுகியும் ஒலிக்கிறது. எஞ்சின் ஒலியையும் அதே பதிவிலிருந்து எடுக்கலாம் என்ற என் ஆசை மட்டும் பலிக்கவில்லை. ஒவ்வொரு நாட்ச்சுக்கும் (டீசல் எஞ்சினின் விசையை ஓட்டுநர் கூட்டிக் குறைக்கும் படிநிலை) நிலையான ஒலி தனியாகவும், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஏறும் ஒலி தனியாகவும் வேண்டும். நடைமேடையில் நின்று பதிந்ததில் வண்டி நெருங்கி விலகும்போது சுருதியே மாறிவிடுகிறது, போதாததற்கு முறுக்கு விற்பவரின் குரலும் கலந்திருக்கிறது.

இருந்தும் என்னை முழுமையாகக் கவர்ந்தது வண்டியின் வேகத்தை மாறாமல் அப்படியே பிடித்து வைக்கும் வசதிதான். அதை இயக்கிவிட்டுக் கட்டுப்பாட்டை ஏற்றினால் வண்டியின் வேகம் மாறுவதில்லை, எஞ்சின் ஒலி மட்டும் நாட்ச் நாட்ச்சாக ஏறுகிறது. ஆண்டிபட்டிக் கணவாயில் அந்த ரயில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியதைக் கேட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒலி சிறக்கப் பெட்டி மட்டும் போதாது. 11×15 மி.மீ. ஒலிபெருக்கியை அதன் சிறு கூண்டில் காற்றுப் புகாமல் ஒட்ட வேண்டும். நான் முதலில் விட்ட மயிரிழை இடைவெளியால் ஆல்கோவின் அடித்தொண்டை ஒலி கொசுவின் ரீங்காரமாகிப் போயிற்று. மோட்டாருக்கேற்ப டிகோடர் தானே இசைந்துகொள்ள 54-ஆம் சி.வி.யில் 0 எழுதி முதல் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது எளிய வேலைதான். ஆனால் அழுத்திய கணம் எஞ்சின் முழு வேகத்தில் பாயும். மேசை மேல் முக்கால் மீட்டர் தண்டவாளத்தில் அதைச் செய்து பார்த்த என் எஞ்சினின் முன்கைப்பிடிகள் இன்றும் சற்று வளைந்தே இருக்கின்றன.

ஒலித்தொகுப்பு முழுவதையும் எழுதி முடிக்க எனக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஆனது. இடையில் ஒருமுறை மின்சாரம் போய், டிகோடர் எதற்கும் பதில் சொல்லாமல் கிடந்தது. மீண்டும் முதலிலிருந்து எழுதியதும் பிழைத்துக்கொண்டது. அதன்பின் கணினியையும் பெட்டியையும் இன்வெர்ட்டர் இணைப்பில்தான் வைக்கிறேன். ஒன்றிரண்டு எஞ்சின் வைத்திருப்பவர், ஒலி ஏற்றிய டிகோடரையே கேட்டு வாங்குவது சிக்கனம். வேலை முடிந்தால் மாதக்கணக்கில் அலமாரியில் தூங்கும் பொருள் இது என்பதால், மதுரைப் பக்கத்து அன்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கினாலே எல்லோருக்கும் போதும்.