முதலில் மவுன்ட், அப்புறம் பேக்கப் சைட்: ஏஆர்-15 ரைபிளுக்கு எதை எதோடு சேர்ப்பது?

அமெரிக்காவில் ஏஆர்-15 வைத்திருப்பவர்கள் நல்ல ஸ்கோப்புக்கு, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கிக்கு, ஆயிரம் டாலர் கொடுக்கத் தயங்குவதில்லை. அதைத் துப்பாக்கியில் பிடித்து நிறுத்தும் மவுன்ட்டுக்குத்தான் கை சுருங்குகிறது. அதோடு, ஸ்கோப் கெட்டுப்போனால் உதவும் என்று ஒரு ஜோடி மடக்கு சைட்டையும், அதாவது மடித்து வைக்கும் இரும்புக் குறிகாட்டிகளையும், வாங்கி மாட்டிவிடுகிறார்கள். இந்த இரண்டையும் தனித்தனியாக யோசித்து வாங்குவதில்தான் பணம் வீணாகிறது. மவுன்ட்டின் உயரமும் பிடிக்கும் விதமும் முடிவான பிறகுதான் இரும்பு சைட் தேவையா, எந்த வகை என்பதே தெரியும்.

அடிப்படை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்று எல்லோரும் பயன்படுத்தும் பிக்காட்டினி ரெயில் (மவுன்ட் மாட்டத் துப்பாக்கியின் மேல் இருக்கும் பள்ளமிட்ட பட்டை), அமெரிக்க ராணுவம் 1995-ல் வகுத்த 1913-ஆம் எண் தரத்தின்படி வந்தது. அதில் பள்ளத்தின் அகலம் 5.23 மில்லிமீட்டர். பழைய வீவர் ரெயிலின் பள்ளம் இதைவிடக் குறுகியது. அதனால் வீவருக்குச் செய்த மவுன்ட் பிக்காட்டினியில் உட்காரும், ஆனால் பள்ளத்துக்குள் ஆட இடம் இருக்கும். மலிவான மவுன்ட்டுகளில் பலவற்றின் கோளாறு இங்கேதான் தொடங்குகிறது.

இப்போது முக்கியமான போட்டிக்கு வருவோம். லாரூ, அமெரிக்கன் டிஃபென்ஸ் போன்றவர்களின் லீவர் மவுன்ட்டை இரண்டு விநாடியில் கழற்றலாம். கைசிலி, பேட்ஜர் ஆர்ட்னன்ஸ் போன்றவர்களின் போல்ட் மவுன்ட்டுக்கு ஸ்பேனர் வேண்டும். நல்ல லீவர் மவுன்ட்டைக் கழற்றி, அதே பள்ளத்தில் திரும்ப மாட்டினால் குறி ஏறக்குறைய 1 எம்ஓஏ-வுக்குள், அதாவது 100 யார்டில் ஒரு அங்குலத்துக்குள் திரும்பி வரும். அது பெரிய விஷயம்தான். ஆனால் எதற்காகக் கழற்றுகிறீர்கள்? அடியில் உடனே பயன்படுத்தக்கூடிய இரும்பு சைட் இருந்தால் லீவருக்கு அர்த்தம் உண்டு. அடியில் ஒன்றுமே இல்லாமல் லீவருக்குக் கூடுதல் விலையும் எடையும் சுமப்பதில் நியாயம் இல்லை. மறுபுறம், போல்ட் போட்டு இறுக்கிய ஸ்கோப்புக்கு அடியில் மடக்கு சைட் வைத்திருப்பவர்களும் நிறைய. ஸ்கோப் உடைந்த நேரத்தில் பையில் ஸ்பேனர் தேட வேண்டிய நிலையில் அந்த சைட்டால் என்ன பயன்?

கண்ணாடியில் சிவப்புப் புள்ளியாகக் குறி காட்டும் ரெட் டாட் என்றால் கணக்கு வேறு. அதில் உருப்பெருக்கம் இல்லை. கண்ணாடி வழியாகவே இரும்பு சைட்டைப் பார்த்துச் சுடலாம், எதையும் கழற்ற வேண்டாம். அதனால் இங்கே போல்ட் மவுன்ட்டே போதும், உறுதியும் அதிகம். கேள்வி உயரத்தில்தான் இருக்கிறது. ரெயிலிலிருந்து டாட்டின் மையம் சுமார் 1.4 அங்குலம் இருந்தால், டாட்டும் இரும்பு சைட்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். சுமார் 1.6 அங்குலம் இருந்தால், இரும்பு சைட் கண்ணாடியின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் தங்கும். நான் இரண்டாவதையே தேர்வு செய்வேன். தலையைக் குனியாமல் டாட்டைப் பார்க்கலாம், தேவைப்பட்டால் கன்னத்தைச் சற்று இறக்கி இரும்புக்குப் போகலாம், சாதாரண நேரத்தில் முன் சைட்டின் கம்பம் டாட்டை மறைக்காது. முன் சைட் மடங்காத பழைய ஏ2 வகையாக இருந்தால் இந்தக் கூடுதல் உயரம் கட்டாயம் என்றே சொல்வேன். 1.93 அங்குல மவுன்ட் கழுத்துக்கு இன்னும் சுகம்தான். ஆனால் அதோடு வழக்கமான உயரத்து இரும்பு சைட்டைப் பார்ப்பது கஷ்டம்.

டாட்டே நம்பகமானதுதானே, பிறகு பேக்கப் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. எய்ம்பாயின்ட் டி-2 என்ற ரெட் டாட் ஒரே பட்டன் பேட்டரியில் 50,000 மணி நேரம் எரியும் என்கிறது நிறுவனம். ஆனால் பேட்டரி மட்டுமே பிரச்சினை அல்ல. 2015-ல், கடும் குளிரிலும் வெப்பத்திலும் குறி விலகிய ஈஓடெக் சைட்டுகள் தொடர்பான வழக்கை, அப்போது அதன் உரிமையாளரான எல்-3 நிறுவனம் அமெரிக்க அரசுக்கு 2.56 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. டாட் எரிந்துகொண்டே தவறான இடத்தைக் காட்டலாம். அதைக் கண்டுபிடிக்கக் கையில் இருக்கும் எளிய வழி, சரியாக ஜீரோ செய்த, அதாவது குண்டு படும் இடத்தோடு ஒத்துப்போகும்படி சரிசெய்த, இரும்பு சைட்.

1-6, 1-8 போன்ற மாறு உருப்பெருக்க ஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கு 45 டிகிரி பக்கவாட்டு சைட் இன்னொரு வழி. ரைபிளைச் சற்று உருட்டினால் சைட் குழலுக்கு நேர் மேலே வந்துவிடும், ஸ்கோப்பைத் தொடவே வேண்டாம். போல்ட் மவுன்ட்டோடு சேர வேண்டியது இதுதான். குறைகளும் உண்டு: பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு உடையிலும் வாரிலும் மாட்டும், பெரும்பாலானவை வலது கைக்காரர்களுக்கென்றே செய்தவை. டிரிஜிகான் ஏகாக் டிஏ31 போல கண்ணை ஒன்றரை அங்குலத்துக்குக் கொண்டுபோக வேண்டிய ஸ்கோப்பில், பின் சைட்டுக்கு இடம் கிடைப்பதே கடினம். அங்கே மிகத் தட்டையாக மடங்குவது மட்டுமே பொருந்தும்.

பிளாஸ்டிக்கா, எஃகா? மேக்புல்லின் பிளாஸ்டிக் எம்பஸ் மலிவு, லேசு, சுடுதளத்துக்குத் தாராளமாகப் போதும். ஆனால் அதன் முன் சைட்டை கேஸ் பிளாக்கின் (குழலிலிருந்து வாயுவைத் திருப்பிவிடும், குழலோடு ஒட்டிய பாகம்) மேல் மாட்டக் கூடாது; அந்தச் சூட்டைத் தாங்காது என்று மேக்புல்லே சொல்கிறது. அங்கே எஃகுதான். மிதக்கும் ஹேண்ட்கார்டின் (குழலைத் தொடாமல் அதைச் சுற்றி நிற்கும் கைப்பிடி உறை) மேல் முன் சைட் வைப்பதாக இருந்தால், அந்த ஹேண்ட்கார்ட் துளியும் திரும்பாமல் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். அது அசைந்தால் எவ்வளவு விலை உயர்ந்த சைட்டும் பொய் சொல்லும். ஸ்கோப் மவுன்ட் விஷயத்திலும் ஒரு கால் ரிசீவரிலும் (துப்பாக்கியின் நடு உடல்) இன்னொரு கால் ஹேண்ட்கார்டிலும் நிற்கக் கூடாது.

மாட்டும்போது மவுன்ட்டைப் பள்ளத்தில் முன்பக்கமாகத் தள்ளிப் பிடித்து இறுக்குங்கள். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், ஸ்கோப் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். முன்பக்கமாக ஒட்டி நின்றால் நகர இடமில்லை. ரிங் திருகுகளுக்கு வழக்கமாக 15 முதல் 18 இன்ச்-பவுண்டு போதும், அடிப் போல்ட்டுக்கு நிறுவனம் சொல்லும் அளவு. கை உணர்வை நம்பாமல் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வையுங்கள். பிறகு டாட்டையும் இரும்பையும் தனித்தனியாகச் சுட்டு ஜீரோ செய்யுங்கள். டாட்டைத் திருகி முன் கம்பத்தின் நுனியில் உட்காரவைத்துவிட்டு வேலை முடிந்தது என்று விடுவது ஜீரோ ஆகாது.