ரெடிமேட் கோழிக்கூண்டு: ஒன்பது மாதம் வைத்துப் பார்த்த பிறகு

போன ஆகஸ்ட்டில் வாங்கினேன். நாலடி நீளம், இரண்டரை அடி அகலம், மூன்றடி உயரம், அடியில் ஒரு அடிக்குக் கால். விலை 8,200 ரூபாய். மேலூர் லாரி ஆபீஸில் போய் எடுத்து வர இன்னொரு 350. "இருபது கோழி தாராளமா அடையும்மா" என்றார் விற்றவர்.

அதுவரை எங்கள் வீட்டில் பஞ்சாரம்தான், கோழியை மூடிவைக்கிற பெரிய கூடை. கவிழ்த்து, மேலே அம்மிக்குழவியை வைத்துவிடுவோம். ஜூலையில் ஒரு ராத்திரி நாய் குழவியோடு சேர்த்து உருட்டிவிட்டு இரண்டு பெட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதற்குத்தான் கூண்டு. அத்தை மட்டும், "எட்டாயிரத்துக்கு எட்டு கோழி வாங்கலாம்டி" என்று இன்றுவரை சொல்கிறார்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சட்டம் நல்ல கனம். ஸ்பேனரை வைத்து நானும் மகனும் ஒன்றரை மணி நேரத்தில் பூட்டிவிட்டோம். ஐப்பசி மழையில் நனைந்தும் சட்டத்தில் துரு இல்லை. அடியில் தட்டு இருப்பதால் எச்சத்தை இழுத்து முருங்கைக்குக் கொட்ட ஐந்து நிமிடம் போதும். நாய் வந்து முட்டிப் பார்த்துவிட்டுப் போனது, அசையவில்லை.

ஆனால் இதைச் செய்தவர் நாட்டுக்கோழி வளர்த்தவர் இல்லை. அது தரையிலேயே தெரிகிறது. தரைக்கம்பி முன்பக்கம் சரிவாக இருக்கிறது, முட்டை உருண்டு வெளியே வர. நாமக்கல் பக்கம் லேயர் பண்ணைக் கூண்டில், முட்டைக்காக மட்டும் வளர்க்கிற கோழிக்கு, அது சரி. அங்கே கோழி அடை காக்கப் போவதில்லை. என் சிறுவிடை (சின்ன உடம்பு நாட்டுக்கோழி) பெட்டை ஒன்று முட்டையிட்டுவிட்டு எழுந்து திரும்பிப் பார்க்கிறது, முட்டையைக் காணோம். கழுத்தை நீட்டி முன்கம்பிக்கு வெளியே கிடந்ததை அலகால் இழுக்கப் பார்த்தது. மறுநாளிலிருந்து வைக்கோல் படப்புக்குப் போய்விட்டது. கோழிக்கு இருட்டு மூலை வேண்டும், இட்டது இட்ட இடத்தில் இருக்க வேண்டும். பின்கால் இரண்டுக்கும் கீழே இருந்த செங்கல்லை எடுத்து முன்கால்களுக்குக் கொடுத்துச் சரிவைச் சமன் செய்தேன். மூலையில் ஒரு பழைய கூடை, வைக்கோல், முன்னால் சாக்குத் திரை. மூன்றாம் நாள் திரும்பி வந்தது.

அடுத்தது பக்கவாட்டு வலை. இரண்டுக்கு ஒரு அங்குலக் கண். பெரிய கோழிக்குப் போதும். செப்டம்பரில் பொரித்த ஒன்பது குஞ்சுகளில் ஒன்று, காலையில் பார்த்தால் வலையோரம் தலையில்லாமல் கிடந்தது. கதவு பூட்டியபடியே இருந்தது. குஞ்சு வலையை ஒட்டிப் படுத்திருக்கிறது; பூனையோ மரநாயோ வெளியிலிருந்தே கையை விட்டு இழுத்திருக்கிறது. அன்றைக்கே பஜாரில் அரை அங்குல வெல்டு மெஷ் 13 அடி வாங்கி, சுற்றிலும் கீழ்ப்பாதியில் கட்டுக்கம்பியால் இறுக்கினேன். தரைக்கு மட்டும் அரை அங்குலம் போடாதீர்கள், எச்சம் கீழே விழாமல் அப்பிக்கொள்ளும். குஞ்சு கால் மாட்டாமல் இருக்க முதல் மூன்று வாரம் சாக்கு விரித்தால் போதும். சாக்கைத் தினமும் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். கதவில் இருந்த ஒற்றைக் கொக்கியையும் கழற்றிவிட்டுத் தாழ்ப்பாள் போட்டேன்.

உட்காரக் கொடுத்திருப்பது வழவழப்பான இரும்புக் குழாய். கோழி ஏறும், வழுக்கும், இறங்கித் தரையில் படுத்துக்கொள்ளும். அதை எடுத்துவிட்டு மணிக்கட்டு கனத்தில் வேப்பங்கம்பு இரண்டு போட்டேன், முட்டைக்கூடையைவிட ஒரு அடி உயரத்தில். கூடை உயரமாக இருந்தால் அதில் போய்த் தூங்கி, எச்சம் போட்டு முட்டையை நாறடிக்கும். இங்கே இரும்புக்குச் சாதகமாக ஒன்று சொல்ல வேண்டும்: மரத்தின் வெடிப்பில் செள்ளுப் பூச்சி ஒளியும். பகலில் கண்ணில் படாது, ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும். அதனால் மாதம் ஒருமுறை கம்பை வெயிலில் போட்டு, வேப்பெண்ணெய் தடவி மாட்டுகிறேன்.

கூரை தகரம். ஏப்ரல் வெயிலில் அடைக்கோழி வாயைத் திறந்து இளைத்ததைப் பார்த்துத் தென்னங்கீற்று இரண்டைப் போட்டுக் கட்டினேன். மேலே தண்ணீர் தெளித்தால் இன்னும் நல்லது. அப்புறம், நாலு கால்களுக்கும் கீழே பழைய கிண்ணத்தில் தண்ணீர். முட்டை பொரிக்கிற இருபத்தொன்றாம் நாள் எறும்பு ஏறினால் குஞ்சு மிஞ்சாது.

இருபது கோழிக் கணக்கும் சரியில்லை. பத்துச் சதுர அடி இடம். ராத்திரி அடைய மட்டும் என்றாலே ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி வேண்டும். என்னிடம் ஒன்பது பெட்டை, ஒரு சேவல், நிறைந்துவிட்டது. இருபதை அடைத்தால் ஒன்றை ஒன்று கொத்தி இறகைப் பிடுங்கும்.

கூண்டுக்குக் கொடுத்த காசுக்குப் பலன் தெரிந்தது பிப்ரவரியில்தான். வெள்ளைக்கழிச்சல் என்கிற கோழி நோய்க்கான தடுப்பூசி முகாமுக்கு முந்தின வருஷம் தெருவெல்லாம் ஓடி நாலைத்தான் பிடித்தேன். இந்த வருஷம் விடியும் முன்னே, திறந்துவிடாமல், ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கொடுத்தேன். பத்துக்கும் ஊசி போட்டாயிற்று, இலவசம். அத்தைகூட அன்று ஒன்றும் சொல்லவில்லை.

மேற்கொண்டு செய்த வேலைக்கு 1,340 ரூபாய் ஆனது. ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருவேன். மூன்றும் சட்டத்துக்கும் தட்டுக்கும்தான். வாங்குவதாக இருந்தால், முன்பணம் கொடுக்கும் முன் சமதரையும், கீழ்ப்பாதிக்கு அரை அங்குல வலையும் வேண்டும் என்று கேளுங்கள். கேட்டால் விற்பவர் செய்து தருகிறாராம். டிசம்பரில் நான் போன் போட்டுச் சண்டை பிடித்தபோதுதான் எனக்குச் சொன்னார்.